இருநூற்றுப் பன்னிரண்டாம் பொருள்

பழைய சாமான்களைக் காப்பாற்றுவதற்கென்று சர்க்கார் ஓர் இலாகா வைத்திருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த இலாகாவிடமிருந்து சாமான்களைக் காப்பாற்றுவதற்கு இன்னோர் இலாகா ஏற்படவில்லை. ஏற்பட்டிருந்தால் இந்தக் கதைக்கு அவசியமே இருந்திருக்காது.

கோயமுத்தூரில், கோர்ட்டுக் கட்டடத்தை ஒட்டினாற்போல, ஒரே ஒரு நீளக் கூடம் கொண்ட காட்சிசாலை ஒன்று இருந்தது. இப்போது போய்த் தேட வேண்டாம், கிடைக்காது. மதுக்கரையில் சிமிட்டி ஆலை ஓட ஆரம்பித்த மறு வருஷம் அதில் இருநூற்றுப் பதினோரு பொருள்கள் இருந்தன. பூமிக்குள்ளிருந்து எடுத்த தாழிகள், தேரிலிருந்து கழன்ற மர யாளி, சென்னிமலையில் எந்தக் காலத்திலோ நெய்த ஒரு போர்வை, வைக்கோல் திணித்த கரடி, கண்ணாடி அலமாரியில் ஓலைச் சுவடிகள், இப்படி. ஊர் ஜனங்கள் அதைச் செத்த காலேஜ் என்று சொன்னார்கள். செத்தவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு கியூரேட்டரும் ஒரு பியூனும் நியமிக்கப்பட்டிருந்தார்கள்.

கியூரேட்டர் சென்னகேசவன், பி.ஏ. மேலாபீசுக்குக் கடிதம் எழுதி எழுதி அவருடைய பேச்சே கடிதம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. அவர் பதிவேடுகளைக் கவனித்தார். பியூன் அங்கப்பன் பொருள்களைக் கவனித்தான். இரண்டில் எது பெரிய வேலை என்று சம்பளப் பட்டியலைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

அங்கப்பனுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தந்ததில்லை. ஊரில் விதைச் சோளத்துக்கு என்ன செய்வார்களோ அதையே சுவடிக்கும் செய்தான். அலமாரி மூலையில் வேப்பிலைக் கொத்து. போர்வை மடிப்பில் வசம்பு முடிச்சு. தை மாதம் ஓலைகளுக்கு ஒவ்வொன்றாகப் புல்தைலம் தடவி நிழலில் ஆற வைப்பான். இதற்கெல்லாம் விதி கிடையாது. யாரும் கவனிக்கவில்லை என்பதால்தான் இத்தனை வருஷம் நடந்துகொண்டிருந்தது.

விதி இருந்தது அட்டைகளுக்கு. ஒவ்வொரு பொருளுக்கு முன்னாலும் அதன் பெயரும் எண்ணும் எழுதிய அட்டை ஒன்று உண்டல்லவா? அந்த அட்டைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மயில்துத்தப் பசை பூச வேண்டும் என்று மேலாபீஸ் உத்தரவு. பூசினால் எந்தப் பூச்சியும் கிட்டே வராது. ஒரு தடவை மிஞ்சிய பசையை யாளியின் காலுக்குத் தடவப் போன அங்கப்பனைக் கியூரேட்டர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அட்டை சர்க்கார் சொத்து. யாளி உபயதாரர் சொத்து. சர்க்கார் மருந்தை அந்நியர் சொத்துக்குப் பூச விதியில்லை."

அங்கப்பன் மிஞ்சிய பசையைச் சாக்கடையில் கொட்டினான். சாக்கடை எந்தச் சொத்து என்று அவன் கேட்கவில்லை.

சித்திரை கடைசியில் ஒரு திங்கட்கிழமை அங்கப்பன் வந்து நின்றான்.

"எசமாங்க, சுவடி அலமாரிக்கு அடியில கரையான் மண்ணு எடுத்திருக்குதுங்க. சித்தெ சீமெண்ணெ ஊத்திப்போட்டா முடிஞ்சு போயிருமுங்க."

கியூரேட்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எவ்வளவு உயரம்?"

"ஒரு சாண் இருக்குமுங்க."

"காட்சிசாலைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?"

"உள்ளாரதானுங்க."

"அப்படியானால் தொடக்கூடாது. விதி இருபத்தேழு. காட்சிசாலைக்கு உள்ளே இருக்கும் எதையும் மேலாபீஸ் உத்தரவில்லாமல் அகற்றவோ அழிக்கவோ இடம் மாற்றவோ கூடாது."

"கரையானுங்க எசமாங்க. உத்தரவு வர்றதுக்குள்ள எல்லாத்தையும் தின்னுபோடுமுங்களே."

"உத்தரவு அவசரம் என்று குறிப்பிட்டே எழுதுகிறேன்."

அவசரம் என்று எழுதியதால் பதில் மூன்றே வாரத்தில் வந்தது. பதில் என்றால் பதில் அல்ல, ஒரு படிவம். பொருளின் பெயர்: கரையான் புற்று. உயரம்: இரண்டடி. (இது இங்கிருந்து அனுப்பும்போது, அங்கே வந்து சேரும்போது கூடியிருக்கலாம் என்று சென்னகேசவன் பணிவோடு குறிப்பு எழுதினார்.) காலம்: நிகழ்காலம். கொடுத்தவர் பெயரும் ஊரும் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"அங்கப்பா, இதை யார் கொடுத்தது?"

"இத ஆருங்க குடுப்பாங்க? சாமி குடுத்ததுதானுங்க."

உபயம்: சாமி, கோயமுத்தூர் என்று எழுதிப் படிவம் மேலே போயிற்று. வைகாசி முடிவதற்குள் உத்தரவு இறங்கியது. மேற்படி புற்றுக்கு 212 என்ற எண் வழங்கப்படுகிறது. இனி அதை மற்றப் பொருள்களைப் போலவே விதிப்படி பாதுகாத்து வர வேண்டியது. முக்கியமாக அதைப் பூச்சிகள் அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது.

அங்கப்பன் தலையைச் சொறிந்தான். "எசமாங்க, உள்ளார இருக்கற கரையானு பூச்சிங்களா, பொருளுங்களா?"

சென்னகேசவன் இரண்டு நிமிஷம் யோசித்தார். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் எதையும் யோசிக்காமல் செய்ததில்லை. "உள்ளே இருக்கும் வரையில் பொருள். வெளியே வந்தால் பூச்சி."

"வெளிய வந்தா அடிக்கலாமுங்களா?"

"வெளியே வந்தது 212-இன் பாகம் அல்ல என்று நிரூபிக்க முடியுமானால் அடிக்கலாம்."

நிரூபிக்க அங்கப்பனிடம் சாட்சி இல்லை.

இப்போது வேறு ஒரு தொந்தரவு முளைத்தது. கோர்ட்டுக்கு வருகிறவர்கள் வெயிலுக்கு ஒதுங்கக் காட்சிசாலைக்குள் நுழைவது வழக்கம். நுழைந்தால் கரடியைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு மூலையில் வெற்றிலைச் சாற்றைத் துப்புவார்கள். அந்த மூலையில்தான் 212 இருந்தது.

"அதன் மேல் ஒரு துளி பட்டாலும் உன்னிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்பேன்" என்றார் கியூரேட்டர்.

அங்கப்பனுக்கு எழுதத் தெரியாது. அதனால் எழுதாமல் தப்பிக்க வழி பார்த்தான். வீட்டிலிருந்து கொஞ்சம் மஞ்சளும் குங்குமமும் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, யாரும் வருமுன் புற்றின் மேல் மூன்று இடத்தில் பொட்டு வைத்தான். நம் ஜனங்களுக்கு அறிவிப்புப் பலகை படிக்கத் தெரியாது. மஞ்சள் படிக்கத் தெரியும். துப்ப வந்தவன் சாற்றை விழுங்கிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டு போனான். அங்கப்பன் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான்.

மெச்சிக்கொண்டது நாலு நாள்தான். ஐந்தாம் நாள் புற்றுக்கு முன்னால் ஒரு செவ்வரளிப் பூ கிடந்தது. அடுத்த வாரம் முட்டை. வெள்ளிக்கிழமை ஒரு செம்புப் பால். பால் ஊற்ற ஊற்ற மண் நனைந்தது. மண் நனைய நனையக் கரையானுக்குக் கொண்டாட்டம். ஆனி மாதம் புற்று அவன் நெஞ்சு உயரத்துக்கு வந்து சுவடி அலமாரிக் கதவின் மேல் சாய்ந்துகொண்டது.

உத்தரவு கிடக்கட்டும் என்று அங்கப்பன் ஒரு நாள் துணிந்து சீமெண்ணெய்ப் புட்டியோடு வந்தான். கை எழவில்லை. பூசியது தன் கை, பூசியது வெறும் எச்சிலுக்காக, எல்லாம் அவனுக்குத் தெரியும். ஆனாலும் மஞ்சளைப் பார்த்தபின் கை எழவில்லை. அவனும் அந்த ஊர்க்காரன்தானே!

சென்னகேசவனோ பூரித்துப்போனார். தினம் நாலு பேர் வந்த இடத்தில் வெள்ளிக்கிழமைகளில் அறுநூறு பேர் வந்தார்கள். 'பொதுமக்களிடையே தொல்பொருள் ஆர்வம் பெருகி வருவது கண்கூடு' என்று அறிக்கை எழுதினார். மோட்டாரில் சீமாட்டிகள் வந்து இறங்கினார்கள். கழுத்துப்பட்டை கட்டிய ஒரு கனவான் புற்றுக்கு எதிரே நாற்காலி போடச் செய்து, 'கரையானின் ஐக்கிய வாழ்வும் நவீன இந்தியாவும்' என்று ஒன்றரை மணி நேரம் சொற்பொழிவு செய்தார். அவர் பேசிக்கொண்டிருந்தபோதே நாற்காலியின் பின்னங்கால் ஒன்று மண்ணாகிவிட்டிருந்தது. எழுந்திருக்கும்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

ஆடி பிறந்ததும் நாச்சியம்மாள் வந்தாள்.

நொய்யல் வாய்க்கால் பாயும் காரைப்பாளையத்துக்காரி. அவள் புருஷன் கந்தப்பன் மூன்று வருஷத்துக்கு முன் தன் வீட்டுச் சுவடி ஒன்றைக் காட்சிசாலைக்கு இரவல் கொடுத்திருந்தார். அப்போது அது ஒரு மோகம். வீட்டில் இருக்கிற பழைய சாமானைக் காட்சிசாலையில் வைத்து, அட்டையில் பேர் போட்டுக்கொண்டால்தான் பெரிய மனுஷன். பேரும் போட்டாயிற்று, மனுஷரும் காலமாகி வருஷம் ஒன்றாகிவிட்டது.

அந்தச் சுவடியில்தான் அவளுடைய சோறு இருந்தது. வாய்க்காலில் ஆறாம் நாள் தண்ணீர், காலை முதல் பொழுது சாயும் வரை, கந்தப்பன் வீட்டு வயலுக்குப் பாத்தியம் என்று முப்பாட்டன் காலத்தில் எழுதிய ஓலை. இப்போது பங்காளி செங்கோடன் அப்படி ஒரு முறையே கிடையாது என்று கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டான். ஆவணியில் விசாரணை. ஓலையைக் காட்டினால் தண்ணீர் உண்டு. காட்டாவிட்டால் நாலு ஏக்கர் நெல்வயல் பொட்டல்.

"ஏனுங்க சாமி, அந்தச் சுவடிய எடுத்துக் குடுங்க. கோர்ட்டுல காட்டிப்போட்டு மறுக்காவும் இங்கயே கொண்டாந்து வெச்சர்றனுங்க."

"இரவல் கொடுத்தவருடைய கையெழுத்து வேண்டும்."

"அவரு போயிச் சேந்து வருசமாச்சுங்களே."

"போகுமுன் போட்டிருக்க வேண்டும்" என்றார் சென்னகேசவன். ஆனால் அவர் கெட்ட மனிதர் அல்ல. பதிவேட்டைப் புரட்டி, வாரிசு கைநாட்டு வைத்தாலும் செல்லும் என்று ஒரு விதியைத் தேடிக் கண்டுபிடித்தார். அவள் கைநாட்டும் வைத்தாள். பிறகு அலமாரிக்கு முன் போய் நின்றபோதுதான் அவருக்குச் சங்கடம் தெரிந்தது. கதவைத் திறந்தால் புற்று நாலு விரற்கடை உதிரும்.

"மண்ணுதானுங்களே சாமி?"

"அம்மா, மண்ணாக இருந்தது. இப்போது அது எண் 212. பதினான்காம் எண்ணான சுவடியை எடுப்பதற்காக இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்ணைச் சேதப்படுத்த எனக்கு அதிகாரம் இல்லை. மேலாபீசுக்கு எழுதுகிறேன். அவசரம் என்று."

கண்ணாடி வழியே சுவடி முழுசாகத் தெரிந்தது. கந்தப்பன் பேர் எழுதிய அட்டையும் தெரிந்தது. நாச்சியம்மாள் அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அங்கப்பன் பார்த்தது அலமாரியின் காலை. அதில் நூல் மாதிரி ஒரு மண்கோடு ஏறிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் தையில் தைலம் தடவிய வாசனை இன்னும் எத்தனை நாளைக்குத் தாக்குப்பிடிக்கும் என்று அவன் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான்.

மத்தியானம் கியூரேட்டர் சாப்பிடப் போனதும், மரத்தடியில் உட்கார்ந்திருந்த நாச்சியம்மாளை அங்கப்பன் கூப்பிட்டான். கையில் கடப்பாரை வைத்திருந்தான்.

"ஏனுங் அம்மணி, வெசையா வாங்க. எசமான் வர ஒரு மணி நேரமாகுமுங்க. நாலு வெரக்கடை செதுக்குனாக் கதவு தொறந்துக்கும். எனக்குக் கை வரமாட்டேங்குதுங்க. உங்க சுவடி, நீங்க வெட்டி எடுத்துட்டுப் போயிருங்க. கேட்டா நான் பாக்குலீன்னு சொல்லிப்போடறேன்."

காடு வெட்டி, கல் பெயர்த்துப் பழகிய கை அவளுடையது. கடப்பாரையை வாங்கி ஓங்கினாள். ஓங்கியபடியே நின்றாள்.

"ஏனுங்க, இதுல மஞ்சப் பூசியிருக்குதுங்களே."

"அது நான் பூசுனதுங்க அம்மணி! எச்சத் துப்பறாங்கன்னு பூசுனேன். சத்தியமாச் சாமி கீமி ஒண்ணுமில்லீங்க."

நாச்சியம்மாள் கடப்பாரையை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"ஆரு பூசுனா என்னங்க? பூசியாச்சுல்லங்க."

கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தாயி, என்ற சுவடிய மட்டும் தொடாம உட்ரு" என்று கண்ணை மூடிக் கும்பிட்டாள். சுவடியைத் தின்கிறவரிடமே சுவடியைக் காப்பாற்றச் சொல்லி முறையிடும் கலையில் நம்மை மிஞ்ச ஜனங்கள் கிடையாது. மறு வெள்ளிக்கிழமை வீட்டுப் பசுவின் பாலை ஒரு செம்பு நிறையக் கொண்டுவந்து ஊற்றினாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் ஊற்றினாள். அங்கப்பன் கரடிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அவனால் அதைப் பார்க்க முடியவில்லை.

இதற்குள் சிமிட்டி மோகம் ஊருக்குள் வந்துவிட்டது. மதுக்கரையிலிருந்து மூட்டை இறங்க இறங்க, எதற்கெடுத்தாலும் சிமிட்டி. மாட்டுத்தொட்டி சிமிட்டி, துளசிமாடம் சிமிட்டி. 212 மட்டும் வெறும் தரையில் நிற்பது காட்சிசாலையின் கௌரவத்துக்கு அழகல்ல என்று மோட்டார்ச் சீமாட்டிகள் அபிப்பிராயப்பட்டார்கள். இரண்டே நாளில் புற்றைச் சுற்றி வழவழவென்று ஒரு மேடை எழும்பியது. அலமாரியின் கீழ்க்கால்கள் நாலும் மேடைக்குள் போய்விட்டன. கொத்தனார் வேலையை வெகு சுத்தமாகச் செய்திருந்தான்.

ஆவணி மாதம், விசாரணைக்கு முதல் நாள், மேலாபீசிலிருந்து பரிசோதகர் திருமலைசாமி வந்தார். கையில் பதிவேடு, காதில் பென்சில். ஒவ்வொரு அட்டைக்கு முன்னும் நின்று, எண்ணை உரக்கப் படித்து, பதிவேட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

"முப்பத்தொன்று. மர யாளி. சரி."

அட்டைக்குப் பின்னால் ஒரு கைப்பிடித் தூள் இருந்தது.

"நாற்பது. சென்னிமலைப் போர்வை. சரி. நாற்பத்தாறு. கரடி, ஆண். சரி."

கரடியில் இரண்டு கண்ணாடிக் கண்கள் மீதி இருந்தன. அவை தரையில் கிடந்து பரிசோதகரை அண்ணாந்து பார்த்தன. அங்கப்பனால் பொறுக்க முடியவில்லை.

"எசமாங்க, யாளி போயி ஒரு மாசமாச்சுங்க. போர்வையும் போச்சுங்க. கரடி போன வாரந்தானுங்க உழுந்துச்சு."

"அட்டை இருக்கிறதா?"

"இருக்குதுங்க."

"எழுத்து அழியாமல் இருக்கிறதா?"

"மயில்துத்தம் பூசியிருக்குதுங்க."

"பிறகு என்ன? அட்டை இருந்தால் பொருள் இருப்பதாகக் கொள்வதுதான் நடைமுறை. பொருள் மட்டும் இருந்து அட்டை போயிருந்தால் இன்றைக்கு உன் வேலை போயிருக்கும்" என்றார் திருமலைசாமி. சென்னகேசவன் அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்.

212-க்கு முன்னால் பரிசோதகர் பூட்ஸைக் கழற்றினார். "எந்தக் காட்சிசாலைக்குப் போனாலும் பொருள்கள் தேய்ந்துகொண்டுதான் வருகின்றன. நாளுக்கு நாள் வளர்கிற பொருளை இங்கேதான் பார்க்கிறேன். இதுவல்லவா பராமரிப்பு!" என்று சென்னகேசவனின் கையைக் குலுக்கினார்.

நாச்சியம்மாளின் மனுவுக்கு உத்தரவும் அவர் பையில் இருந்தது. கதவு திறக்கும் அளவுக்குப் புற்றைச் செதுக்கலாம். செதுக்கிய துண்டுக்கு 212-அ என்று தனி எண் கொடுக்க வேண்டும். உத்தரவுக்கு முன்னால் பயம் எம்மாத்திரம்! கற்பூரம் ஏற்றி, மன்னிப்புக் கேட்டு, கொத்தனாரைக் கொண்டு சிமிட்டியை உடைத்து, துண்டைச் செதுக்கினார்கள். கதவு திறந்தது. அங்கப்பன் கையை உள்ளே விட்டுச் சுவடியைத் தூக்கினான். தூக்கிய மாத்திரத்தில் அவன் கைக்குத் தெரிந்துவிட்டது.

சுவடி இருந்த இடத்தில் சுவடி மாதிரியே மண் இருந்தது. அதே நீளம், அதே அகலம், ஏடு ஏடாக வரிகூடத் தெரிந்தது. ஓலைகளைக் கோத்திருந்த பித்தளை ஆணி மட்டும் நடுவில் அப்படியே நின்றது.

"பெற்றுக்கொண்டதற்கு இங்கே கைநாட்டு வையுங்கள் அம்மா" என்றார் கியூரேட்டர். "ஓலைச் சுவடி ஒன்று, தற்போதைய நிலையில்."

"இது மண்ணுங்க சாமி."

"எடை குறைந்திருக்கிறதா, பாருங்கள். கூடித்தான் இருக்கிறது."

அவள் அழுவாள் என்று அங்கப்பன் நினைத்தான். அவள் அழவில்லை. பதிவேட்டில் கட்டைவிரலை அழுத்திவிட்டு, மண்ணை மடியில் ஏந்திக்கொண்டாள். எண் பதினான்கின் அட்டையை மட்டும் கொடுக்க மறுத்துவிட்டார்கள். அது சர்க்கார் சொத்து.

மறுநாள் கோர்ட்டில் நீதிபதி மண்ணைப் படித்துப் பார்க்க முயற்சி செய்யவில்லை. காட்சிசாலைச் சாட்சியாக அங்கப்பன் கூண்டேறி, இது சுவடியாக இருந்தபோது தான் தைலம் தடவியதைச் சொன்னான். என்ன எழுதியிருந்தது என்று கேட்டார்கள். படிக்கத் தெரியாதென்றான். செங்கோடனின் வக்கீல் சிரித்தார். நாச்சியம்மாள் எழுந்தாள்.

"ஏனுங்க சாமி, அந்த எழுத்து இந்த மண்ணுக்குள்ளதானுங்க இருக்குது. புத்து மண்ணுங்க. அவரு இதத் தொட்டு, ஆறா நாள் தண்ணி எங்குளுது இல்லீன்னு ஒரு வார்த்தை சொல்லட்டுமுங்க. சொல்லிப்போட்டா நான் பேசாமப் போயிர்றனுங்க."

புற்று மண்ணைத் தொட்டுப் பொய் சொல்ல அந்தச் சீமையில் ஆள் பிறக்கவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். செங்கோடன் எழுந்தான். செருப்பைக் கழற்றினான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசி, மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் ததும்ப, "இல்லீங்க" என்றான். கணீரென்று சொன்னான். பக்தியில் அவனுக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

தீர்ப்பு அவன் பக்கம். தீர்ப்பின் நகலைக்கூட வாங்காமல் மாலையும் மேளமுமாக ஊருக்குப் போனான். அசல் வழக்கம்போல் ரிக்கார்டு அறைக்குப் போயிற்று. அந்த அறை காட்சிசாலைச் சுவருக்கு அந்தப் பக்கம்.

பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நாச்சியம்மாள் வந்தாள். கையில் செம்பு இல்லை, மண்வெட்டி. யாரும் தடுக்குமுன் ஓங்கி வெட்டினாள். மஞ்சள், குங்குமம், முட்டையோடு எல்லாம் சரிந்து விழுந்தது. பெண்கள் வீரிட்டார்கள். சென்னகேசவன், "விதி இருபத்தேழு! விதி இருபத்தேழு!" என்று கத்தினார்.

உள்ளே வெறும் கூடு. ஒரு கரையான் இல்லை. தின்பதற்கு மயில்துத்த அட்டைகளைத் தவிர வேறொன்றும் அங்கே இல்லை என்பதை மேலாபீசுக்கு முன்னால் கரையான்கள் கண்டுபிடித்துவிட்டன. அங்கப்பன் குனிந்து பார்த்தான். மண்பாதை ஒன்று சுவருக்குள் போயிருந்தது.

அவன் நிமிர்வதற்குள் வாசலில் கோர்ட்டு ரிக்கார்டுக் குமாஸ்தா வந்து நின்றார், கையில் சீமெண்ணெய்த் தகரத்தோடு.

"அங்கப்பா, கொஞ்சம் வந்து கை குடுப்பா. ரிக்கார்டு ரூம்ல கரையான் மண்ணு எடுத்திருக்கு, ஒரு சாண் இருக்கும். நல்லவேளை, இன்னைக்கே பாத்துட்டேன்."

அங்கப்பன் போனான். கேளாமலே நாச்சியம்மாளும் பின்னால் போனாள். இந்த வருஷத் தீர்ப்புகளை அடுக்கிய அலமாரிக்கு அடியில், புத்தம் புதிதாக, ஈரம் காயாமல் நின்றது புற்று. குமாஸ்தா தகரத்தின் மூடியைத் திருகினார். நாச்சியம்மாள் மண்வெட்டியில் ஒட்டியிருந்த குங்குமத்தை விரலால் வழித்தாள். புற்றின் மேல் மூன்று பொட்டு வைத்தாள்.

குமாஸ்தாவின் கை அந்தரத்தில் நின்றது. "ஏம்மா, என்ன பண்றே?"

"சாமிங்க" என்றாள் நாச்சியம்மாள். "தொட்றாதீங்க."

அங்கப்பன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்கு எல்லாம் விளங்கியது. பதினாறு வருஷ உத்தியோகத்தில் முதல் தடவையாக, யாருடைய உத்தரவும் இல்லாமல் எல்லோரும் பார்க்க அவன் ஒரு காரியம் செய்தான். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, கோர்ட்டே அதிர, "தாயே!" என்று கூவினான். குமாஸ்தா மூடியை மறுபடி திருகிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

தை மாதம் செங்கோடன் நகல் கேட்டு வந்தான். நகலைக் கண்ணால் பார்க்காமல் நாச்சியம்மாளின் மடையை அடைக்க மாட்டேன் என்று வாய்க்கால்காரன் சொல்லிவிட்டானாம். விதிப்படி மனு எழுதிக் கொடுத்தான். விதிப்படி அவனுக்குத் தீர்ப்பு வழங்கப்பட்டது, தற்போதைய நிலையில், ஒரு பொட்டலத்தில். அவனுக்கு அது ருசி தெரிந்த மண்தான். நாச்சியம்மாளின் வயலுக்கு ஆறாம் நாள் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

பொருள் எண் 212 முன் அனுமதியின்றிக் கோர்ட்டுக்கு இடம் மாறிவிட்டதாகவும், அதனிடம் விளக்கம் கேட்க உத்தரவு வேண்டும் என்றும் சென்னகேசவன் மேலாபீசுக்கு அவசரமாக எழுதினார். பதில் வருமுன் அவரே பதவி உயர்ந்து மேலாபீசுக்குப் போய்விட்டதால், அந்தக் கடிதம் அவருடைய மேஜைக்கே வந்து சேர்ந்தது. பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள்.

அந்த ரிக்கார்டு அறையில் செங்கோடன் தீர்ப்பு மட்டுமா இருந்தது? பாதி ஜில்லாவின் காடும் தோட்டமும் கிணறும் வரப்பும் காகிதமாக அங்கேதான் அடுக்கியிருந்தன. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அந்தப் பக்கம் பூமி இருந்தால், பழைய பத்திரத்துக்கு நகல் கேட்டு ஒரு மனுப் போட்டுப் பாருங்கள். இல்லையென்று சொல்ல மாட்டார்கள். ஒரு சிட்டிகை மடித்துத் தருவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.